ரிவ்யூவுக்கு வந்த இடது கை

1. அளவு சேரவில்லை

மெடிக்கல் போர்டில் அது எனக்கு முதல் நாள். ஒருவருடைய கைப்பிடியின் பலத்தை அளக்கச் சொன்னார்கள். அளந்தேன். வந்த அளவை வாசித்ததும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று டாக்டர்களும் அவருடைய கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"கருவி சரியா இருக்கா?" என்று கேட்டார் போர்டின் தலைவர்.

"சரியாத்தான் சார் இருக்கு."

"எதுக்கும் இவர்கிட்ட வச்சுப் பாருங்க" என்று எழுத்தர் பொன்னையாவைக் காட்டினார். பொன்னையா பேனாவை வைத்துவிட்டு வந்து கருவியைப் பிடித்து அமுக்கினார். முள் சாதாரணமாகத்தான் நகர்ந்தது. கருவியில் குற்றமில்லை என்று ஆயிற்று. குற்றம் யாரிடம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என்னிடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியில் தொழிலாளர்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மில்லில் வேலை செய்யும்போது அடிபட்டு, கை கால் பழையபடி ஆகாமல் போனவர்களுக்கு மாதாமாதம் ஊன உதவித்தொகை உண்டு. யாருக்கு எவ்வளவு இழப்பு என்று முடிவு செய்வது மெடிக்கல் போர்டு. காயம் இன்னும் மாறக்கூடும் என்று தோன்றினால் 'தற்காலிகம்' என்று எழுதி வைப்பார்கள். பிறகு ரிவ்யூவுக்குக் கூப்பிட்டு முடிவாக எழுத வேண்டும். அப்படி எழுதி வைத்த பல பேரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஆண்டுகள் ஓடிவிட்டன. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவரவர் ஊருக்குப் போய்விட்டால் ஆளைத் தேடுவது கஷ்டம், ஆகவே ஓய்வை நெருங்கியவர்களை எல்லாம் உடனே அழைத்து முடித்துவிடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அந்த வேலைக்கு மூட்டின் அசைவையும் பிடியின் பலத்தையும் அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் விளக்கவில்லை. "போர்டு சொல்லுறதை அளங்க, அவ்வளவுதான்" என்றார்கள்.

காலையில் வராந்தா வழியாக வரும்போதே அழைக்கப்பட்டவர்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நடுவில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "வீட்டுக்குப் போகப்போற நேரத்துல எதுக்கு வே கூப்பிடுதான்? கூட்டவா, குறைக்கவா?" என்று கேட்டார்.

"குறைக்கத்தான். கூட்டுததுக்கு எவன் வே ஆளனுப்பிக் கூப்பிடுவான்?"

அதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன்.

என்னிடம் அளவு சேராமல் போனவர் பெயர் மைதீன் பிச்சை. ரவணசமுத்திரத்துக்காரர். பாபநாசம் பக்கத்தில் ஒரு நூற்பு மில்லில் கார்டிங் பிரிவில் வேலை. பஞ்சைச் சீவி இழையாக்கும் அந்த மிஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு போயின. மிச்ச விரல்களின் தசைநார் அறுந்து தைத்திருந்தார்கள். முன்பு போர்டு பார்த்தபோது அந்தக் கையால் ஒரு தாளைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. அதனால் மில்லில் அவரைக் கோடவுனுக்கு மாற்றி, நூல் கோன்களுக்கு லேபிள் ஒட்டும் லைட் டூட்டி கொடுத்திருந்தார்கள்.

இப்போது அதே கை என் கருவியை இறுக்கிப் பிடித்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஆனால் பிடியில் நல்ல பலம் இருந்தது. தழும்பு இருக்கிறது, பாதி விரல்கள் இருக்கின்றன, ஆள் மாறி வந்திருக்க வழியில்லை. அப்படியானால் பலம் எங்கிருந்து வந்தது?

2. ஒத்துக்கொண்ட மனிதர்

அன்று காலை அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தொடுவதற்கு முன்பே வலிக்கிறது என்றார்கள். அதில் தப்பும் இல்லை, பாதி நிஜம், பாதி பயம். மைதீன் பாய் மட்டும் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"கை நல்லா இருக்கே பாய்?" என்றார் தலைவர்.

"ஆமா சார். நல்லாத்தான் இருக்கு."

"எப்போ இருந்து?"

"ஒரு வருஷமா இருக்கும் சார்."

"அப்போ ஒரு வருஷமா சும்மா வாங்கிட்டு இருந்தீங்களா?"

பாய் மடியில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவர் கோயம்புத்தூர்க்காரர், மாற்றலாகி வந்தவர். கோபக்காரர் இல்லை. ஆனால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் முகம் இறுகிவிடும். அன்று இறுகியது. பக்கத்தில் இருந்த எலும்பு டாக்டர் மட்டும், "இத்தனை வருஷம் கழிச்சு இந்த மாதிரி கை தானா இவ்வளவு தேறாது சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

"தானா தேறாதுன்னா முன்னாடி நடிச்சிருக்கணும்" என்றார் தலைவர். பிறகு என்னிடம் திரும்பினார். "சாப்பிட்டுட்டு வந்து இன்னொரு தடவை அளந்துடுங்கம்மா. அதே அளவு வந்தா குறைச்சு எழுதிடலாம்."

பாய் எழுந்து தலையசைத்துவிட்டுப் போனார். ஒருவருடைய உதவித்தொகையைக் குறைக்கப் போகிறோம் என்கிறார்கள், அவர் சரி என்கிறார். நடித்து ஏமாற்றிய ஆள் இப்படியா ஒத்துக்கொள்வார்? ஏமாற்றாத ஆள் இப்படியா பேசாமல் போவார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

3. வராந்தாவின் கோடியில்

சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடிப் போனேன். கூட்டத்தை விட்டு விலகி, வராந்தாவின் கோடியில் ஒரு பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. தூக்குவாளியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காதபடி முந்தானையால் மறைத்தும் கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பாய் வாயை மூடிக்கொண்டார். மனைவி கையைப் பின்னால் இழுத்தார்.

"இருக்கட்டும், சாப்பிடுங்க" என்றேன். ஆனாலும் நகரவில்லை. இடது கை தேறிவிட்டது. வலது கைக்கு அடிபட்டதே கிடையாது. பிறகு எதற்கு ஊட்டிவிட வேண்டும்? அப்போதுதான் அவருடைய வலது கையை முதல் தடவையாகப் பார்த்தேன். காலையிலிருந்து அதை அவர் ஒரு துண்டைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன.

"பாய், வலது கைய ஒரு நிமிஷம் காட்டுங்க."

"அதுக்கென்ன? அது ரிவ்யூல இல்லல்ல."

"சும்மா பாக்குதேன்."

"வேண்டாம்மா."

மனைவி பெயர் கதிசா பீவி. அவரால் பொறுக்க முடியவில்லை. "எத்தன நாளைக்கு மறைப்பீஹ? டாக்டரம்மா, போன வருஷம் ஒரு நா காலைல அவுஹளுக்கு இந்தப் பக்கம் பூரா இழுத்துட்டு. வாய் கோணி…"

"ஏ புள்ள, வாய மூடு."

"மூட மாட்டேன். அம்பாசமுத்திரத்துல தனி டாக்டர்ட்ட காட்டுனோம். பிரஷர்னு சொன்னாரு. மில்லுக்குக் காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டாஹ. வாயும் காலும் சரியாயிட்டு. கை மட்டும் வரல."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே பேசினார். அவருடன் வேலை பார்த்த ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், வேலைக்குத் தகுதி இல்லை என்று மில்லில் இடையிலேயே அனுப்பிவிட்டார்களாம். "அவன் வெளிய வரும்போது கேட் பக்கத்துல ஒருத்தரும் இல்லம்மா. திருடன மாதிரி போனான். எனக்கு ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. மாலையோட வரணும்னு ஆசப்படுதேன். அது தப்பா?"

"லேபிள் எப்படி ஒட்டுதீங்க?"

"இதாலதான்" என்று இடது கையைத் தூக்கினார். "மொத மொத ஒரு கோனைப் புடிக்கவே முடியல. கண்ணுல தண்ணி வரும். வேற வழியில்லல்ல? இதத்தான் போட்டு அடிச்சேன். அது பைய பைய வந்துட்டு."

நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல கை விழுந்துவிட்டதால் கெட்ட கை வேலை செய்யக் கற்றிருக்கிறது. முன்பைவிட அவர் இயலாதவர் ஆகியிருக்கிறார். அதனாலேயே காகிதத்தில் முன்பைவிடத் தேறியவராக ஆகியிருக்கிறார். அளந்தது நான். என் அளவு சரி.

"உள்ள கேட்டப்போ இதச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மில்லுக்குத் தெரிஞ்சுரும்."

"சொல்லலன்னா இதுல குறைச்சிருவாங்க."

"குறைக்கட்டும். இந்தக் கை நல்லாயிட்டுன்னு சொன்னா அது பொய்யில்லம்மா. வலிக்குன்னு பொய் சொல்லி வாங்குனாத்தான் ஹராம்."

கதிசா பீவி என்னைப் பார்த்தார். நான் ஊசி போடுகிறவளோ சட்டம் தெரிந்தவளோ இல்லை. கை கால்களை மடக்கி நீட்டத்தான் படித்திருந்தேன்.

4. மாடியும் கீழும்

முதலில் பொன்னையாவிடம் போய், ஆள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். பக்கவாதம் வந்த ஒருவரை மில் வேலையை விட்டு அனுப்பிவிடுமா? அவருக்கு ஏதாவது வழி உண்டா?

"அடிபட்டது மட்டுந்தாம்மா நம்ம செக்‌ஷன். சீக்கு கீழ. அங்கன கேட்டுப் பாருங்க" என்றார். அதே கட்டிடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே உள்ளவர்களுக்கு மாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

கீழே, நோயுற்ற தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் 'நோய்ப் பலன்' தொகையைப் பார்க்கும் அம்மா ஒருவர் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று சொல்லி நான் கேட்டதும், "பக்கவாதமா? அது நீண்டகால நோய்ப் பட்டியல்ல இருக்கே" என்று சாதாரணமாகச் சொன்னார். டாக்டர் சான்றிதழோடு வந்தால் விடுப்பும் பலனும் உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்வரை நோயைக் காரணம் காட்டி மில் அவரை அனுப்ப முடியாது. "இதுக்கு ஏன் ஒரு வருஷமா வராம இருக்காரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எந்தப் பயத்தில் மறைத்தாரோ, அந்தப் பயத்துக்குப் பாதுகாப்பே சொல்லிவிடுவதுதான் என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. எனக்கும் அன்று மத்தியானம் வரை தெரியாது.

மூச்சு வாங்க மாடி ஏறி இருவரிடமும் சொன்னேன். பாய் நம்பவில்லை.

"சட்டம் அப்படித்தாம்மா இருக்கும். மில்லுல வேற மாதிரி இருக்கும்."

"அந்தம்மா தெளிவாச் சொல்லுதாங்க பாய்."

"அவங்க இங்கன இருந்து சொல்லுதாங்க. நான்லா அங்கன போய் நிக்கணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சொல்லி, அவர் நம்பி, மில் ஏதாவது செய்துவிட்டால்? அவர் சம்மதிக்காமல் அவருடைய நோயை நான் உள்ளே போய்ச் சொல்லலாமா? சொல்லாமல் மறுபடி இடது கையை மட்டும் அளந்து கொடுக்கலாமா? யோசித்து முடிப்பதற்குள் பொன்னையா கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

பாய் எழுந்தார். கூடவே கதிசா பீவியும் எழுந்தார்.

"நீ எங்க வாற?"

"நானும் வாறேன்."

"ஆம்பளைக இருக்க எடம்…"

"இருக்கட்டும். ஒரு வருஷமா இந்தக் கைக்குச் சட்டை மாட்டுறது நான். எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன். பொறவு அவங்க பாடு."

5. வலது கையை எங்கே எழுதுவது

உள்ளே போனதும் கதிசா பீவி யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. கணவருடைய மடியிலிருந்த துண்டை எடுத்தார். சுருண்ட வலது கையை இரண்டு கைகளாலும் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

"ஐயா, நீங்க அந்தக் கையப் பாத்தீங்க. இதையும் பாருங்க."

அந்தக் கை மேஜை மேல் அப்படியே கிடந்தது. பாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலும்பு டாக்டர்தான் முதலில் எழுந்து வந்தார். கையை மடக்கிப் பார்த்தார். பிரஷர் கருவி கொண்டுவரச் சொன்னார். தலைவர் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் மாறியிருந்தது. கதிசா பீவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், காலைல நான் பேசினது தப்பு."

பாய் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்ல சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இத்தோடு நல்லபடியாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. எலும்பு டாக்டர், இவருக்கு இழப்பைக் குறைக்கக்கூடாது என்றார். தலைவர், போர்டு பார்க்க வேண்டியது மில்லில் அடிபட்ட கையை மட்டுமே, வலது கை மில்லில் அடிபடவில்லை என்றார். மூன்றாவது டாக்டர் இரண்டுக்கும் தலையாட்டினார். அப்படியானால் இடது கை தேறியதே வலது கை போனதால்தானே என்றார் எலும்பு டாக்டர். எதனால் தேறியது என்று எழுத இடமே இல்லையே என்றார் தலைவர். பொன்னையா எதையும் எழுதாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இடது கையின் இழப்பைக் கொஞ்சம் குறைத்தே எழுதினார்கள். முதலில் நினைத்த அளவுக்குக் குறைக்கவில்லை. வலது கைக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி, பொது மருத்துவருக்கும் கீழேயுள்ள நோய்ப் பலன் பிரிவுக்கும் அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு தலைவர் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

"எழுதினது விதிப்படி சரி" என்றார் எலும்பு டாக்டரிடம். "ஆனா சரியாச் செஞ்ச மாதிரி இல்ல."

வெளியே வந்ததும் பாயிடம், இதற்கு மேல்முறையீடு உண்டு, செய்யலாம் என்று சொன்னேன். கதிசா பீவி, செய்வோம் என்றார். பாய் முடியாது என்றார். "தேறுன கையத் தேறலன்னு எழுதிக் குடுக்க எனக்கு நிய்யத் வராதும்மா, மனசு ஒப்பாது. இந்தக் கை எனக்குச் சோறு போட்டிருக்கு. அதப் போய்க் கெட்ட கைன்னு எப்படிச் சொல்ல?"

கதிசா பீவிக்கு அதில் சம்மதமில்லை. பஸ் ஸ்டாண்டு வரை சண்டை போட்டுக்கொண்டேதான் போயிருப்பார்கள்.

6. கேட்டில்

அவர் நீண்டகால விடுப்பில் போனார். மில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டொரு மேஸ்திரிகள் முறைத்தார்களாம், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தடவை ரவணசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி என்னிடம் பயிற்சிக்கு வந்தார். தாமதமாக ஆரம்பித்ததால் கை முழுதாகத் திரும்பவில்லை. முதல் மூன்று மாதத்தில் வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. முழங்கை நீண்டது. விரல்கள் விரிந்தன. ஒரு டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது.

ஓய்வு நாளன்று அவர் விடுப்பில் இருந்தார். விடுப்பில் இருப்பவருக்கு வழியனுப்பு விழா உண்டா இல்லையா என்று மில்லில் யாருக்கும் தெரியவில்லை. ஆபீசில் இல்லை என்றார்கள். கார்டிங் பிரிவுக்காரர்கள், "எங்க ஆளு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே மாலை போட்டிருக்கிறார்கள். மறு வாரம் பயிற்சிக்கு வந்தபோது பாய் சொன்னார்: "கேட்டுக்கு உள்ள இருந்து வெளிய வரணும்னு ஆசப்பட்டேன். இது வெளியவே நின்னு வாங்குனது. ஆனா சந்தோசமாத்தான் இருந்துச்சு. எதுக்கு அழுதேன்னுதான் தெரியல."

7. கற்றுக்கொண்டது

அதற்குப் பிறகு பல வருஷம் போர்டு வேலை பார்த்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது ரிவ்யூவுக்கு வந்தால் உடனே கருவியை எடுக்காதீர்கள். காலையில் எழுந்து பல் விளக்குவதிலிருந்து ராத்திரி படுப்பது வரை என்னென்ன செய்கிறார், யார் உதவி செய்கிறார்கள் என்று கேளுங்கள். கூட வந்தவரையும் உள்ளே கூப்பிடுங்கள். 'நல்லா இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதையும் 'வலிக்குது' என்பதைப் போலவே விசாரியுங்கள். உங்கள் செக்‌ஷனுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாடியிலும் கீழேயும் போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எல்லாருக்கும் இரண்டு கைகளையும் அளக்கத் தொடங்கினேன். சில மாதம் கழித்து வந்த புதிய தலைவர் ஒருவர், "கேட்டது இடது கைதானே? வலதை எதுக்கு அளக்குறீங்க?" என்றார்.

"ரெண்டும் ஒரே ஆளோடதுதான சார்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அளங்க என்றார். பொன்னையா என் அளவுகளை வாங்கிப் பார்த்தார். கேட்ட கையை அதற்குரிய கட்டத்தில் எழுதினார். பிறகு பேனாவோடு நிமிர்ந்தார்.

"இந்த இன்னொண்ண எங்கன எழுதம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் எழுதி வையுங்கள் என்றேன்.